காதலும் இடரும்: துருக்கிய நாட்டார் பாடல்களின் சமூக அடித்தளம் பற்றிய சில குறிப்புகள்

நாட்டார் பாடல்களை ஆராய முற்படுவோர் முதலிற் செய்வது அவற்றை வகைப்படுத்துவதே. தாலாட்டு, தொழிற்பாடல், காதற்பாடல், ஒப்பாரி எனத் தலைப்புகள் இடப்பட்டு, ஒவ்வொரு பாடலும் அதனதன் பெட்டியுள் அடைக்கப்படுகின்றது. சேகரிப்பாளனுக்கு இது வசதியான முறை என்பதில் ஐயமில்லை. ஆயினும் எந்த வகைப்பாடும் கருத்துநிலைச் சார்பற்றதன்று. எதனை எதிலிருந்து பிரிக்கின்றோம் என்பது, வாழ்க்கையை நாம் எவ்வாறு காண்கின்றோம் என்பதையும் காட்டிக்கொடுத்துவிடுகின்றது. துருக்கிய நாட்டார் பாடல்களைப் பொறுத்தவரையில், காதலை ஒரு பக்கத்திலும், வறுமை, போர், ஊர்பிரிதல், அடக்குமுறை ஆகிய இடர்களை மறுபக்கத்திலும் வைத்து நோக்கும் வழக்கம் வேரூன்றியுள்ளது. அகம், புறம் என்ற பாகுபாட்டிலே பயின்ற தமிழ் மாணவருக்கு இப்பிரிப்பு இயல்பானதாகவே தோன்றும். அனத்தோலியக் கிராமத்துப் பாடகனுக்கு அது அவ்வாறு தோன்றியதெனக் கொள்ளப் பாடல்கள் இடந்தரவில்லை.

இப்பிரிப்பினால் வழிதவறியோர் பழைமைவாதிகள் மட்டுமல்லர். முற்போக்கு நோக்குடைய நாமும் வேறொரு பாதையால் அதே தவற்றுக்கு வந்து சேர்ந்துள்ளோம். 16ஆம் நூற்றாண்டில் தூக்கிலிடப்பட்டவரெனப் போற்றப்படும் பீர் சுல்தான் அப்தால், வழிப்பறி வீரனாகக் காவியங்களில் உலாவும் கோரோலு, அரச படைக்கெதிராக இனக்குழு மக்களின் குரலாக நின்ற தாதாலோலு ஆகியோரை நாம் விரும்பி எடுத்துக்கொண்டோம். கராஜோலானைக் காதற் கவிஞன் என்று மரியாதையுடன் ஒதுக்கிவைத்தோம். பெண்களின் நாலடிப் பாடல்களைக் கவனிக்கவே இல்லை. எதிர்ப்பு வெளிப்படையாக ஒலிக்கும் பாடலே மக்கள் பாடல் என்ற எண்ணம் இதற்குக் காரணமாயிற்று. இவ்வெண்ணம் மார்க்சியத்திலிருந்து பெறப்பட்டதன்று. அதன் அவசரப் பிரயோகத்திலிருந்து பிறந்தது. துருக்கிய மரபிலே காதல் என்பது இடரைச் சொல்லும் மொழியாகவும், இடர் என்பது காதலின் நிபந்தனையாகவும் அமைந்துள்ளன என்பதே இக்கட்டுரையில் நாம் நிறுவ முயல்வது. காதல் பொருளாதாரத்தின் முகமூடி என நாம் கூறவில்லை. அவ்வாறு கூறுவது பாடலையும் பாடியவரையும் ஒருங்கே அவமதிப்பதாகும்.

முதலிற் பாடகனின் பெயரையே நோக்குவோம். சாஸ் என்னும் நீள்கழுத்து நரம்பு வாத்தியத்தை ஏந்தி ஊர் ஊராகச் சென்று பாடியவன் 'ஆஷிக்' எனப்பட்டான். அரபு மொழியிலிருந்து வந்த இச்சொல்லின் பொருள் காதலன் என்பதாகும். கவிஞன் என்றோ பாணன் என்றோ அல்லாது காதலன் என்றே ஒரு தொழிற்குழுவினன் அழைக்கப்பட்டமை மனங்கொள்ளத்தக்கது. அவன் கவிஞனாவது குருகுலப் பயிற்சியால் மட்டுமன்று. கனவிலே பெரியாரொருவர் கையால் ஒரு கிண்ணம் அருந்தி, அக்கணமே தான் என்றுமே அடைய முடியாத ஒருத்தியின் முகத்தையுங் கண்டு எழுபவனே ஆஷிக் என்பது மரபு. அதாவது, கவிதையின் தோற்றத்திலேயே ஒரு பிரிவு வைக்கப்பட்டிருக்கின்றது. பதினோர் அசையோ எட்டசையோ கொண்ட அடிகளால் நான்கடிக் கண்ணிகளாகப் பாட்டு நடக்கும். இறுதிக் கண்ணியிலே பாடகன் தன் புனைபெயரைப் பொறித்து முடிப்பான். அரசவைக் கவிஞர் பாரசீக அரபு யாப்பில் எழுதிய திவான் கவிதையோடு ஒப்பிடுமிடத்து, இது அசையை எண்ணும் எளிய யாப்பு. எழுத்தறிவற்றவரும் கேட்ட மாத்திரத்தில் நினைவிற் கொள்ளத்தக்கது.

இம்மரபிலே காதற் கதைகளும் உண்டு. கெரெம் – அஸ்லி கதை அவற்றுட் புகழ்பெற்றது. கெரெம் முஸ்லிம் இளைஞன். அஸ்லி ஆர்மேனியப் பாதிரியின் மகள். தந்தை அவளை அழைத்துக்கொண்டு ஊர் ஊராக ஓடுகின்றார், காதலன் பின்தொடர்கின்றான், இறுதியில் மணவறையிலே தன் பெருமூச்சின் நெருப்பாலேயே அவன் எரிந்து சாம்பலாகின்றான். இதனைச் சமய வேற்றுமை பற்றிய கதை என்று சொல்லிவிட்டு நிறுத்துதல் போதாது. முஸ்லிமும் ஆர்மேனியரும் ஒரே சந்தையிலும் ஒரே தெருவிலும் வாழ்ந்த ஒரு சமூகத்தின் நெருக்கமும் தடையும் இதிற் பதிவாகியுள்ளன. ஆர்மேனியரிடையேயும் ஆஷுக் எனப்பட்ட பாடகர் இருந்தனர். 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சயாத் நோவா ஆர்மேனியம், ஜோர்ஜியம், அசர்பைஜானியத் துருக்கி ஆகிய மூன்று மொழிகளிலும் பாடியவர். 1915இல் அனத்தோலிய ஆர்மேனியர் நாடுகடத்தப்பட்டும் கொல்லப்பட்டும் அழிக்கப்பட்ட பின்னரும் அஸ்லியின் கதை அதே கிராமங்களிற் பாடப்பட்டு வந்தது. அயல்வீட்டார் இல்லாமற்போன பின்னரும் அவர் மகளைப் பற்றிய பாட்டு எஞ்சியிருந்தது.

இனிக் கராஜோலானுக்கு வருவோம். 17ஆம் நூற்றாண்டினர் என்று பொதுவாகக் கொள்ளப்படும் இவர் தோரோஸ் மலைத்தொடரும் சுக்குரோவாச் சமவெளியும் சார்ந்த துர்க்மென் இனக்குழுக்களின் கவிஞர். கோடையில் மலைமேய்ச்சல், குளிர்காலத்திற் சமவெளி என இடம்பெயர்ந்து வாழ்ந்த மக்கள் அவர்கள். கராஜோலானின் காதலியர் பலர். ஒவ்வொருத்தியும் ஏதாவதொரு நீரூற்றருகே, ஏதாவதொரு கூடாரத்தின் முன்னே காணப்படுகின்றாள். கூடாரம் பிரிக்கப்பட்டால் அவளும் போய்விடுகின்றாள். இதனை நிலையற்ற மனத்தின் வெளிப்பாடு என்று வாசிப்பது நகரவாசியின் வாசிப்பு. கால்நடை வளர்ப்புச் சமூகமொன்றின் பருவ இயக்கமே இங்கு பிரிவின் இலக்கணமாகியுள்ளது. பிரிவையும் வறுமையையும் சாவையும் ஒரே வரிசையில் வைத்துப் பேசும் பாடலொன்று இவர் பெயரில் வழங்குவது தற்செயலன்று. மூன்றையும் ஒரே எடையுள்ளனவாகக் கண்ட ஒருவரைக் காதற்பெட்டியுள் மாத்திரம் அடைப்பது எவ்வாறு?

கராஜோலான் பாடிய அதே நிலத்திலேதான், 19ஆம் நூற்றாண்டில், தாதாலோலு பாடினார். அவ்ஷார் இனக்குழுவைச் சேர்ந்த இவரது புகழ் 1865ஆம் ஆண்டு நிகழ்ச்சியோடு பிணைந்தது. அவ்வாண்டு ஒஸ்மானிய அரசு டெர்விஷ் பாஷாவின் தலைமையில் 'சீர்திருத்தப் படை' என்ற பெயருடன் ஒரு படையணியைச் சுக்குரோவாவுக்கு அனுப்பியது. வரலாற்றாசிரியரான அஹ்மெத் ஜெவ்தெத் பாஷாவும் உடன் சென்றார். இடம்பெயர்ந்து வாழ்வோரை நிலத்தில் இருத்துதல், அவர்களிடமிருந்து வரியும் படையாட்களும் பெறுதல் ஆகியவை இதன் நோக்கங்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரினால் 1861க்கும் 1865க்கும் இடையே உலகச் சந்தையிற் பருத்தி அருமைப்பட்டது. சுக்குரோவா பருத்திக்கேற்ற நிலம் என்பது அக்காலத்தில் நன்குணரப்பட்டது. மன்செஸ்டர் ஆலைகளின் பசிக்கும் ஒரு துர்க்மென் பாடகனின் கோபத்துக்கும் இடையே இவ்வாறு ஒரு நூல் ஓடுகின்றது. மேய்ச்சல் மலைக்குப் போக விடாது கோடையிலும் சமவெளியிலே தடுத்துவைக்கப்பட்ட மக்கள் மலேரியாவுக்குப் பெருந்தொகையாய்ப் பலியாயினர்.

தாதாலோலுவின் எதிர்ப்புப் பாடல்களை நாம் அறிவோம். அரசாணைக்கு எதிரே மலையை நிறுத்திய அவரது பாடல் பாடநூல்களிலும் இடம்பெற்றுவிட்டது. ஆனால் அவரும் காதலைப் பாடியவரே. கராஜோலானின் பெண்களை ஒத்த பெண்களே அவர் பாடல்களிலும் வருகின்றனர். கராஜோலானின் காலத்திற் கூடாரம் பிரிக்கப்பட்டது மேய்ச்சலுக்காக. தாதாலோலுவின் காலத்திற் படையின் கட்டளைக்காக. காதற்பாடலின் சொற்களஞ்சியம் ஏறத்தாழ அதுவாகவே இருக்கின்றது. மாறியது பிரிவின் காரணம்.

இந்நிலப்பகுதிக்குரிய இசைவடிவத்தின் பெயர் பொஸ்லாக். தாளக்கட்டின்றி உச்சத்தில் தொடங்கிக் கதறலாய் இறங்கும் நீண்ட பாட்டு அது. ஒட்டகம் தன் குட்டிக்காகக் கத்துவதைக் குறிக்கும் வினைச்சொல்லோடு அப்பெயரைத் தொடர்புபடுத்துவர். பொஸ்லாக்கில் காதலும் ஒப்பாரியும் ஒரே மெட்டிற் பாடப்படும். இதே சுக்குரோவாவிற் பிறந்த நாவலாசிரியர் யஷார் கெமால், எழுத்துலகில் தடம் பதிப்பதற்கு முன்னர், கிராமத்துப் பெண்களின் ஒப்பாரிகளைக் கால்நடையாகச் சென்று திரட்டினார். 'ஒப்பாரிகள்' என்ற அத்தொகுப்பு 1943இல் அதானாவில் வெளிவந்தது. அவர் வெளியிட்ட முதல் நூல் அதுவே. 1955இல் வெளிவந்து அவரை உலகறியச் செய்த 'இன்ஜே மெமெத்' நாவலில் ஓர் ஏழைச் சிறுவன் மலைக்கொள்ளையனாவது தத்துவத்தால் அன்று. அவன் காதலித்த பெண்ணை ஊர் நிலவுடைமையாளன் தன் உறவினனுக்கு நிச்சயித்ததால். கெமால் இக்கதைக்கட்டினைக் கற்பனையிலிருந்து மட்டும் பெறவில்லை.

காதல் எவ்விடத்தில் அரசைச் சந்திக்கின்றது என்ற வினாவுக்குத் துருக்கியப் பாடல்கள் தரும் தெளிவான விடை, படைச்சேர்ப்பு. 1826இல் பழைய ஜனிசரிப் படை ஒழிக்கப்பட்டதன் பின், 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் குலுக்கல் முறையால் ஆளெடுக்கும் சட்டங்கள் இயற்றப்பட்டன. பணமுடையோர் ஈட்டுத்தொகை செலுத்தி விலகிக்கொள்ள வழியிருந்தது. ஆகவே போனவன் ஏழை. அவன் போன இடங்களுட் கொடியது யேமன். 1872இல் ஒஸ்மானியர் சனா நகரை மீண்டும் கைப்பற்றினர். அதன் பின் 1891, 1904, 1911ஆம் ஆண்டுகளிற் பெருங் கிளர்ச்சிகள் எழுந்தன. பகைவரின் துப்பாக்கியினால் மட்டுமன்றி வெப்பத்தினாலும் நோயினாலும் பட்டினியினாலும் வீரர் மாண்டனர். யேமன் என்ற சொல்லே திரும்பி வாராமையின் பெயராயிற்று.

யேமன் பாடல்கள் பெரும்பாலும் பெண்ணின் குரலில் அமைந்தவை. காத்திருக்கும் மனைவி, நிச்சயிக்கப்பட்டவள், தாய் ஆகியோரே பேசுகின்றனர். மிகப் பரவலான பாடலொன்றில், படைவீட்டின் முன்னுள்ள காட்சியும், சென்றவன் ஏன் மீளவில்லை என்ற கேள்வியும், பணக்காரன் தொகை கட்டி மீள்வதும் ஏழை படைக்குப் போவதுமாகிய உண்மையும் ஒரே மூச்சில் வருகின்றன. அந்த வர்க்கக் கூற்றினை மாத்திரம் தனியே பிடுங்கி மேற்கோள் காட்டுதல் நம்மவர் வழக்கம். அது பாடலில் தனியே நிற்கவில்லை; ஏங்கும் பெண்ணின் வாயிலிருந்து, ஏக்கத்தின் காரணமாக வருகின்றது. அவள் சமூக அமைப்பைப் பகுப்பாய்வு செய்யப் புறப்பட்டவளல்லள். அவன் ஏன் இல்லை என்று கேட்கத் தொடங்கினாள். விடை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது. (இப்பாடலில் வரும் ஊர்ப்பெயர் கிழக்கு அனத்தோலியாவின் முஷ் நகரா, யேமனிலுள்ள ஹுஷ் என்னும் இடமா என்பது பற்றித் துருக்கியில் நெடிய வாதம் நடந்துள்ளது. பாடிய பெண்ணுக்கு இரண்டும் ஒருவேளை ஒரே தூரமாகவே இருந்திருக்கும்.)

இன்னொரு சான்று இதனினும் கூர்மையானது. வட அனத்தோலியாவின் தோக்காத் நகருக்குரிய 'ஹேய் ஒன்பெஷ்லி' என்னும் பாடல் துள்ளல் நடையில் அமைந்தது. திருமணங்களில் இதற்கு ஆடுவர். 'ஒன்பெஷ்லி' என்றால் 'பதினைந்தைச் சேர்ந்தவன்' என்று பொருள். பதினைந்து வயதினன் என்று பலர் கருதுவதுண்டு. அது வயதன்று, ஒஸ்மானிய ரூமி நாட்காட்டியின் 1315ஆம் ஆண்டிற் பிறந்தவன் என்பதே பொருள். கிறிஸ்து ஆண்டில் அது 1899. முதலாம் உலகப் போரில் ஆட்கள் தீர்ந்துபோக, இன்னும் முகத்தில் மீசை அரும்பாத இவ்வாண்டினர் அழைக்கப்பட்டனர். படைப்பதிவேட்டின் ஓர் இலக்கம் காதலனைக் குறிக்கும் விளிப்பெயராகியது. அரச நிர்வாகத்தின் சொல்லை ஊர்ப் பெண்கள் தமது காதலின் சொல்லாக எடுத்துக்கொண்டனர் என்பது ஒன்று. புலம்பலாக இருக்கவேண்டியதை ஆட்டமெட்டிற் பாடினர் என்பது மற்றொன்று. மணவீட்டில் ஆடுபவருட் பலருக்கு இலக்கத்தின் பொருள் தெரியாதிருக்கலாம். பொருள் மறந்த பின்னரும் இலக்கம் பாட்டில் நிற்கின்றது. காதற்பாடல், ஆட்டப்பாடல், போர்ப்பாடல், ஒப்பாரி என்ற நான்கு பெட்டிகளுள் இதனை எதில் இடுவது என்று வகைப்பாட்டாளரையே கேட்கவேண்டும்.

பெண்களின் பாடல்களைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறுதல் அவசியமாகும். ஆஷிக் மரபு பெரும்பான்மையும் ஆண்களுடையது. அதற்கு வெளியே, புனைபெயரின்றி, வீட்டுக்குள்ளும் வயலிலும் நெசவுத்தறியிலும் பெண்கள் கட்டிய பாடல்கள் எண்ணற்றவை. இவற்றுட் சிறியது மானி. ஏழசை கொண்ட நான்கு அடிகள். முதல் இரண்டும் நான்காவதும் ஒரே இயைபு பெறும், மூன்றாவது விலகி நிற்கும். முதல் ஈரடிகள் மரம், பறவை, மழை என ஏதோவொன்றைச் சொல்லும். சொல்ல வந்த பொருளோடு அவற்றுக்கு நேரடித் தொடர்பில்லை. மூன்றாவது அடியிற் பேச்சுத் திரும்பும். நான்காவதிற் பொருள் வந்து விழும். வசந்த விழாவான ஹிதிரெல்லெஸ் நாளில், இளம்பெண்கள் தத்தம் மோதிரம் போன்ற சிறு பொருளை ஒரு பானையிலிட்டு இரவு முழுவதும் ரோஜாச் செடியின் அடியில் வைப்பர். மறுநாள் ஒவ்வொரு பொருளாக எடுக்கப்படும்போது ஒவ்வொரு மானி பாடப்படும். எவளுடைய பொருளோ அவளுடைய விதி அது. வெளிப்படையாகச் சொல்ல முடியாத பெயரை, சொல்லவே அனுமதியற்ற விருப்பத்தை, யாரும் பொறுப்பேற்க வேண்டாத நிலையிற் சொல்லிவிடுவதற்கு இது ஒரு வாய்ப்பு. அதனால் மானியின் முதல் ஈரடிகளை வெற்றுச்சொல் என்று கருதுதல் சரியன்று. அவை காவலாய் நிற்பவை.

மணத்துக்கு முந்திய மருதோன்றி இரவிலும் பாட்டுண்டு. மணப்பெண்ணின் முகத்தைச் சிவப்புத் துணியால் மூடி, மெழுகுவர்த்தி ஏந்திய பெண்கள் சுற்றி நின்று, கையில் மருதோன்றி இட்டுப் பாடுவர். அப்பாடல்களின் நோக்கம் அவளை அழவைப்பது, அழும்வரை பாடுவர். இதனைச் சடங்கு என்று கூறித் தாண்டிச் செல்லுதல் எளிது. துருக்கி மொழியில் மணமகளைக் குறிக்கும் 'கெலின்' என்னும் சொல் 'வா' என்னும் வினையடியிலிருந்து பிறந்தது. வந்து சேர்ந்தவள் என்பதே அவள் பெயர். எந்த வீட்டில் வந்து சேர்ந்தாளோ அங்கு அவள் உழைப்புச் சத்தி. அவளுக்காகப் 'பாஷ்லிக்' எனப்படும் பணம் அவள் தந்தைக்குக் கொடுக்கப்பட்டுள்ளது. 1926இல் சுவிற்சர்லாந்துச் சட்டத்தைத் தழுவிக் கொண்டுவரப்பட்ட குடியியற் சட்டம் பலதார மணத்தை ஒழித்துப் பதிவுத் திருமணத்தைக் கட்டாயமாக்கியது. ஆயினும் கிராமங்களில் இப்பணம் அதன் பின்னரும் நெடுங்காலம் கைமாறியது. இளைஞன் இப்பணத்தைத் தேட வேற்றூருக்கு வேலைக்குப் போவான். அவன் திரும்புமுன் அவள் வேறொருவனுக்குக் கொடுக்கப்பட்டிருப்பாள். இக்கதை எத்தனை பாடல்களில் வருகின்றது என்று எண்ணினால் முடிவிராது.

இங்கு ஒரு தடையை எதிர்கொள்ளவேண்டும். பெண்களின் பாடல்களிற் பகைவனாக வருபவன் பெரும்பாலும் நிலவுடைமையாளனல்லன். மாமியார் வருகின்றாள், தந்தை வருகின்றார், தூதை மறைத்த அயலாள் வருகின்றாள். வர்க்க உணர்வு இங்கே எங்குளது என்று நண்பர்கள் சிலர் நம்மிடம் கேட்டதுண்டு. நமக்கும் இவ்வையம் இருந்தது. பின்னர் நாம் கண்டது இதுவே: சிறுவிவசாயக் குடும்பத்தில் உற்பத்தியும் குடும்பமும் வேறுவேறல்ல, அந்தப் பெண்ணின் உழைப்பை நாளாந்தம் பங்கிடுபவளும் கண்காணிப்பவளும் மாமியாரே. நிலவரி குத்தகையாளன் குடும்பத் தலைவனிடம் அறவிட்டதை, குடும்பம் மருமகளிடம் அறவிட்டது. விளைச்சலிற் பத்திலொரு பங்கான 'ஆஷார்' வரி 1925இல் நீக்கப்பட்டது. மருமகள் செலுத்திய வரி எந்தச் சட்டத்தாலும் நீக்கப்படவில்லை. சுரண்டல் தன் முகத்தை எங்கே காட்டுகின்றதோ அங்கே அவள் விரல் நீட்டுகின்றாள். அதற்கப்பால் உள்ளதைச் சுட்டவில்லை என்று அவளைக் குறைகூற, அதற்கப்பால் உள்ளதை ஆறுதலாக இருந்து படித்த நமக்கு என்ன உரிமை?

ஒப்பாரியிலும் இதனைக் காணலாம். அவ்ஷார்ப் பெண்கள் இறந்தவனின் உடைகளை நடுவில் வைத்துச் சுற்றியிருந்து பாடுவர். யார், எங்கே, எவ்வாறு இறந்தான், யார் கொன்றது என்ற விபரம் யாவும் அதில் வரும். பத்திரிகையில்லாத ஊரில் அதுவே சாட்சியம்.

பிரிவைக் குறிக்கும் துருக்கியச் சொற்களுள் 'குர்பெத்' என்பதற்குத் தமிழில் நேர்ச்சொல் தேடுதல் கடினம். ஊரைவிட்டு அந்நியமான இடத்தில் இருக்கும் நிலை என்று விளக்கலாம். பரதேசம் என்ற சொல் அண்மித்தது. அங்கே இருப்பவன் 'கரிப்' – நாதியற்றவன், அந்நியன். இரு சொற்களும் ஒரே அரபு வேரிலிருந்து வந்தவை. அவ்வேர் மேற்குத் திசையையும் குறிக்கும். முற்காலத்திற் குர்பெத் என்றால் இஸ்தான்புல். அங்கே அனத்தோலிய ஆண்கள் சுமைகூலிகளாகவும் குளியலறை வேலையாட்களாகவும் இருந்தனர். பின்னர் சுக்குரோவாப் பருத்தி வயல்களும் அதானா ஆலைகளும். மூன்று கிராமத்தவர் அங்கே வேலை தேடிச் செல்லும் கதையை ஒர்ஹான் கெமால் 1954இல் நாவலாக்கினார். ஆனால் 1961 ஒக்டோபர் 30ஆம் திகதி துருக்கியும் மேற்கு ஜேர்மனியும் தொழிலாளர் ஒப்பந்தம் செய்தபின், சொல்லின் வேரிலிருந்த மேற்குத் திசை உண்மையாயிற்று.

அவ்வொப்பந்தத்தின் வாசகமும் காதலின் வரலாற்றுக்குரிய ஆவணமாகும். தொடக்கத்தில் ஒருவருக்கு இரண்டாண்டுகள் மாத்திரமே அனுமதி. குடும்பத்தை அழைத்துக்கொள்ள ஏற்பாடில்லை. 1964இற் காலவரையறை நீக்கப்பட்டது. 1973 நவம்பரில் ஆட்சேர்ப்பு நிறுத்தப்பட்டது. இஸ்தான்புல்லில் இருந்த ஜேர்மன் அலுவலகத்தில் ஆட்களின் உடலைப் பரிசோதித்துத் தேர்ந்தனர். சிர்கெஜி நிலையத்திலிருந்து மியூனிக்குக்கு இரயிலேற்றினர். மணப்பணத்துக்காக ஊரைவிட்டுப் போன பழைய பாட்டின் இளைஞனை இங்கே மீண்டும் காண்கின்றோம். பழைய மெட்டுகளே புதிய இடப்பெயர்களை ஏற்றன. கடிதம், இரயில், திரும்பி வாராத கணவன் என்னும் பொருள்கள் அப்படியே நின்றன. கொலோனின் மோட்டார்த் தொழிற்சாலையொன்றில் வேலைசெய்த மெத்தின் துர்கோஸ், சாஸ் வாத்தியத்தோடு தொழிலாளர் வாழ்வைப் பாடி இசைத்தட்டுகளாக வெளியிட்டார்; மேற்பார்வையாளனுக்கு ஜேர்மன் மொழியிற் காலை வணக்கஞ் சொல்லும் அவர் பாடலில், இரு மொழிகளையும் கலந்து செய்யும் எள்ளல் புதிது. ஏக்கம் புதிதன்று.

இத்தகைய பாடல்கள் நமக்கு எவ்வழியாக வந்து சேர்ந்தன என்பதையும் கூறவேண்டும். 1923இல் ஸியா கோகால்ப், நாட்டார் மெட்டுகளை மேற்கத்திய இசைநுட்பத்தோடு இணைத்துத் தேசிய இசையொன்றை ஆக்கவேண்டும் என்று எழுதினார். குடியரசு அவ்வழியிலே சென்றது. 1936 நவம்பரில் ஹங்கேரிய இசைமேதை பேலா பார்ட்டொக் அழைக்கப்பட்டு, அட்னான் சைகுன் துணையுடன் அதானாப் பகுதியில் ஒலிப்பதிவு செய்தார். அந்நிய ஆடவர் முன்னிலையிற் பெண்கள் பாட முன்வராமை அவருக்குத் தடையாயிற்று. இதனாற் கூடாரத்துள் ஒலித்த பாதி அவரது கருவிக்கு எட்டவில்லை. 1937 முதல் அங்காராக் கலைக்கழகத்தார் ஆண்டுதோறும் பயணஞ்செய்து ஏறத்தாழ 10,000 மெட்டுகளைத் திரட்டினர். அப்பணியில் முன்னின்ற முஸஃபர் சாரிசோஸென், 1940களில் அங்காரா வானொலியில் 'தாயகத்தின் குரல்கள்' என்னும் குழுவை நடத்தினார். அவரது உழைப்பின்றிப் பல பாடல்கள் அழிந்திருக்கும். இதனை நன்றியுடன் ஏற்கவேண்டும். ஆயின் தனியொருத்தி அழுத பாட்டினை ஒரு கூட்டம் ஒரே குரலில் ஒழுங்காகப் பாடும்போது, இடர் மறைந்து இனிமை எஞ்சுகின்றது. நாட்டின் ஒருமைப்பாட்டுக்கு அது ஏற்றதாக இருந்தது. குர்திய மெட்டுகள் துருக்கிச் சொற்களோடு அத்தொகுதியில் இடம்பெற்றதும் அவ்வொருமைப்பாட்டின் விலையே. 1983இன் 2932ஆம் இலக்கச் சட்டம் அம்மொழியில் வெளியிடுவதையே தடுத்தது. 1991வரை அது நடைமுறையில் இருந்தது.

பாடலையும் அதன் இடரையும் ஒருசேரக் காட்ட முயன்றோரின் கதி வேறு. நாட்டார் வழக்காற்றியலைப் பல்கலைக்கழகத் துறையாக வளர்த்த பெர்த்தெவ் நாயிலி போராதாவ், இடதுசாரி என்ற குற்றச்சாட்டின் பேரில் 1948இல் அங்காராப் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியேற்றப்பட்டார். எஞ்சிய ஆய்வை அவர் பிரான்சிலிருந்தே செய்தார். ஒபெராப் பாடகராயிருந்து நாட்டார் பாடலுக்கு வந்த ரூஹி சு, 1952இற் கைதாகி ஐந்தாண்டுகள் சிறையிலிருந்தார். 1985இல் அவர் புற்றுநோயுற்றபோது வெளிநாடு சென்று சிகிச்சைபெறக் கடவுச்சீட்டு உரிய காலத்தில் வழங்கப்படவில்லை. 1993 யூலை 2ஆம் திகதி சிவாஸ் நகரில், பீர் சுல்தான் அப்தாலின் பெயரால் நடந்த விழாவுக்கு வந்தோர் தங்கியிருந்த மாதிமாக் விடுதியை மதவெறிக் கும்பலொன்று சூழ்ந்து தீயிட்டது. விழாவுக்கு வந்த 33 பேரும் விடுதி ஊழியர் இருவரும் மாண்டனர். முஹ்லிஸ் அகர்சு, நெசிமி சிமென், ஹஸ்ரெத் குல்தெகின் ஆகிய சாஸ் கலைஞர்கள் அவர்களுட் சிலர். குல்தெகினுக்கு அப்போது 22 வயது.

இறுதியாக, நமது பழைய அளவுகோலுக்குச் சற்றும் அகப்படாத ஒருவரைப் பற்றிக் கூறவேண்டும். நெஷெத் எர்தாஷ் 1938இல் மத்திய அனத்தோலியாவின் கிர்ஷெஹிர்ப் பகுதியிற் பிறந்தார். அப்தால் எனப்படும் இசைக்குழுவினர் அவர்கள். நிலமற்றவர், மணவீடுகளில் வாசித்து வாழ்ந்தவர். அவர்களது இசையின்றி ஊரிற் கலியாணமில்லை, ஆனால் ஊரார் அவர்களுக்குப் பெண் கொடார். தந்தை முஹர்ரெம் எர்தாஷ் பொஸ்லாக்கின் பெரும் பாடகர்; அவரோடு சிறுவயதிலேயே கல்யாண வீடுகளுக்குச் சென்று பழகியவர் மகன். நெஷெத்தின் பாடல்களில் நிலவுடைமையாளன் இல்லை, வரியில்லை, போரில்லை. ஏறத்தாழ எல்லாமே காதல். 'கொனுல்' என்ற ஒரு சொல் திரும்பத் திரும்ப வருகின்றது. உள்ளம் என்று மொழிபெயர்க்கலாம். வேலையைத் தவிர வேறெதற்கும் தகுதியற்றவன் என்று ஒதுக்கப்பட்ட சாதியிற் பிறந்த ஒருவன், தனக்கும் உள்ளமுண்டு என்பதை அரைநூற்றாண்டு காலமாகப் பாடிக்கொண்டிருந்தான். இதனை எதிர்ப்பு என்று பெயரிட நாம் அவசரப்படவில்லை. இடரற்ற பாடல் என்று கூறவும் நம்மால் முடியவில்லை. அவர் தமக்குச் சூட்டிக்கொண்ட புனைபெயர் 'கரிப்'. விரல்கள் செயலிழந்த நிலையில் 1970களின் இறுதியில் அவரும் ஜேர்மனிக்குச் சென்று, இருபதாண்டுகளுக்கு மேல் அங்கேயே வாழ்ந்தார். அரசு 'அரச கலைஞர்' என்னும் பட்டத்தை வழங்க முன்வந்தபோது, மக்களின் கலைஞனாக இருப்பதே போதும் என்று மறுத்தார். 2012இற் காலமானார். கிர்ஷெஹிரில், தந்தையின் கல்லறைக்கு அருகே, அவரது காலடியில் அடக்கஞ்செய்யப்பட்டார்.